தவிட்டுக்கு வாங்கிய தூக்கம்

மதுரையில் தூங்குகிற குழந்தையை யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் கவனித்த முதல் விஷயம் இது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்குப் பழகவில்லை. தொட்டிலைக் கடக்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். தப்பித் தவறிப் பார்த்துவிட்டால், "மூஞ்சியப் பாரு, கோட்டான் கணக்கா" என்று ஏதாவது வைதுவிட்டு நகர்வார்கள். பெற்றவள் பார்ப்பது இன்னும் ஆபத்து, தாயின் கண்தான் முதலில் படும் என்பார்கள். ரங்கூனில் எங்கள் பக்கத்து வீட்டுப் பர்மாக்காரி மா தின், தன் பிள்ளையைத் தூங்கப் போட்டால் தெருவில் போகிற மீன்காரியைக்கூடக் கூப்பிட்டுக் காட்டுவாள். தொட்டிலை அவர்கள் பக்கெத் என்பார்கள். அந்தப் பக்கெத்தைச் சுற்றிக் கன்னத்தில் தனாக்கா என்கிற மரப்பட்டைச் சாந்து பூசிய நாலு பெண்கள் எப்போதும் குந்தியிருந்து, மூக்கைப் பார், நெற்றியைப் பார் என்று கொஞ்சிக்கொண்டிருப்பார்கள். பிள்ளையும் அந்தச் சளசளப்பில் நிம்மதியாகத் தூங்கும். அங்கே வளர்ந்த எனக்கு, தூங்கும் குழந்தைக்கு முதுகைக் காட்டி உட்காருவது என்பது இன்றுவரை கைவராத வித்தை.

போன வாரம் இதற்காக வசவும் வாங்கினேன். நாங்கள் இப்போது வைகைக்கு வடகரையில், ஒரு சந்தில் குடியிருக்கிறோம். அடுத்த வீட்டு மங்கைக்குக் குறைமாசத்தில் பிள்ளை பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். பார்க்கப் போனேன். பஞ்சுக்குள் கிடந்த அந்த முகத்தை நான் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்க, மங்கையின் மாமியார் பதறிப்போய் நடுவில் வந்து நின்றுகொண்டார். "ஏத்தா, ஒனக்கு வேற வேலயே இல்லையா? எம்புட்டு நேரந்தான் பாப்ப?" என்றார். மூச்சு ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்தேன் என்று நான் சொன்னது அவருக்கு அபசகுனமாகப் பட்டது. வாசல் வரை வந்த மங்கை மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, பகலெல்லாம் எழுப்புனாலும் எந்திரிக்க மாட்டேங்குறான். ராவானா முழிச்சுக்கிட்டுக் கெடக்கான். நான் கண்ண மூடுனா மூச்சு நின்னுபோகுமோன்னு பயமா இருக்குக்கா. தொட்டுப் பாத்தா திடுக்குனு முழிச்சு அழுகுறான்" என்றாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம். பேசிக்கொண்டே நின்றபடி ஒரு கணம் தூங்கியும் விட்டாள். அவளுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னோடு கப்பலில் வந்து இந்தச் சீமையின் மூலை முடுக்கில் எல்லாம் சிதறிக் கிடப்பவர்களுக்கும், ரங்கூனிலேயே தங்கிவிட்டவர்களுக்கும் சேர்த்துத்தான்.

நான் ரங்கூனில் பிறந்தவள். அப்பா அங்கே ஓர் அரிசி ஆலையில் மேஸ்திரி. மதுரைப் பக்கத்து மாப்பிள்ளை என்று தேடிக் கட்டிக்கொடுத்தார்கள். அவரும் ரங்கூன் துறைமுகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்ததால் கல்யாணத்துக்குப் பிறகும் நான் அந்த ஊரைவிட்டு நகரவில்லை. தமிழ்நாடு என்பது எனக்குப் பிறர் சொல்லக் கேட்ட கதை. ஆகாயத்திலிருந்து குண்டு விழத் தொடங்கியபோது என் வயிற்றில் பிள்ளை இருந்தது. என் பெற்றோர் இருவரும் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார்கள். கப்பலில் இடம் பெண்டு பிள்ளைகளுக்குத்தான் என்றார்கள். மேல்தளத்தில் ஒரு மூட்டையோடு என்னை உட்கார வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் கரைக்கு இறங்கினார். "நடந்தாவது வந்து சேந்துருவேன். நீ எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிரு" என்று கீழே நின்று கத்தினார். சொந்த ஊருக்குப் போகிறோம் என்று கப்பலில் எல்லாரும் அழுகையிலும் ஒரு சந்தோஷத்தோடு இருந்தார்கள். எனக்கு மட்டும் அது நாடு கடத்தலாக இருந்தது.

அவருடைய அண்ணன் வீடு திண்டுக்கல் ரோட்டில் பரவையைத் தாண்டி, வாய்க்கால் ஓரத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்தது. நெல்லும் கரும்பும் போட்டுப் பிழைக்கிற குடும்பம். அண்ணன் அதிகம் பேச மாட்டார்; வீட்டை நடத்தியது அவர் மனைவி பேச்சியம்மா. எனக்கு ஓரகத்தி, ஆனால் மாமியார் இல்லாத குறையைத் தனியாளாகத் தீர்த்துவைத்தவர். நான் போய் இறங்கியபோது என் புடவையில் உப்பு பூத்திருந்தது. பேச்சியம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரங்கூன்காரின்னா தங்கமும் வைரமுமா வருவான்னு நெனச்சேன். கருவாடு கணக்கா வந்துருக்கா" என்றார். சொல்லிவிட்டு வெந்நீர் வைத்துத் தன் கையாலேயே எனக்குத் தலைக்கு ஊற்றினார். அந்த ஊரில் அன்று முதல் என் பெயர் ரங்கூன்காரி.

வந்து சில நாளில், தைக் குளிரில், வலி எடுத்துவிட்டது. மருத்துவச்சி வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பிறந்த பிள்ளை என் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைதான் இருந்தான். தோள் எல்லாம் பூனை மயிர். தோல் வழியாக நரம்பு தெரிந்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து மூடினான். வெளியே கூடத்தில், இது ஏழாம் மாசமா எட்டாம் மாசமா என்று ஒரு பஞ்சாயத்தே நடந்தது. ஏழில் பிறந்தது தங்கும், எட்டில் பிறந்தது தங்காது என்பது அவர்கள் கணக்கு. எட்டு ஏழைவிட ஒரு மாசம் கூடுதலாக வளர்ந்த பிள்ளைதானே என்று உள்ளேயிருந்து நான் கேட்டேன். "ரங்கூன்ல மாசக் கணக்கே வேற. இது ஏழுதான். எல்லாரும் போயிச் சோலியப் பாருங்க" என்று பேச்சியம்மா தீர்ப்புச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

பழைய வேட்டித் துணியும் இலவம் பஞ்சும் பரப்பிய முறத்தில் அவனைப் போட்டோம். பக்கத்தில் உமிச்சட்டி கனன்றுகொண்டிருந்தது. மார்பில் வாய் வைத்து இழுக்க அவனுக்குப் பலமில்லை. பீய்ச்சிச் சங்கில் விட்டுச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினோம். பகல் முழுக்கத் தூங்கினான். சங்கை உதட்டில் வைத்தால்கூட விழிக்க மாட்டான், உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி எழுப்ப வேண்டும். பொழுது சாய்ந்ததும் கண்ணைத் திறந்துகொள்வான். எதையும் பார்க்காத, பழைய, பெரிய கண்கள். நடுநடுவே கண்ணயர்வான். அதுதான் எனக்குப் பெரிய பயம். மூச்சு சின்னச் சின்னதாக ஓடிக்கொண்டே வந்து திடீரென்று நிற்கும். நின்றது நின்றபடியே இருக்கும். என் மூச்சையும் பிடித்துக்கொண்டு நான் குனிவேன். பிறகு ஒரு சின்ன விம்மல் வரும், மறுபடி ஓடும். யுத்தத்தால் சீமெண்ணெய் கிடைக்கவில்லை, விளக்கை ராத்திரி முழுக்க எரியவிட முடியாது. இருட்டில் அவன் மூக்குக்கு நேராக என் கன்னத்தை வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். அந்தக் காற்று கன்னத்தில் படாத நேரத்தில் எல்லாம் நான் செத்துப் பிழைத்தேன். பொறுக்க முடியாமல் தொட்டுவிட்டால் இரண்டு கையையும் விரித்துப் பதறி விழித்து, பூனைக்குட்டிக் குரலில் விடிய விடிய அழுவான். தொடாமலும் இருக்க முடியவில்லை, தொடவும் முடியவில்லை.

தூக்கம் இல்லாமல் நாள் போகப் போக ஊர்கள் எனக்குள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. திண்டுக்கல் பக்கம் போகிற ரயில் ஊதினால் ரங்கூன் ஆற்றில் நீராவிப் படகு கரை தட்டுவதாக நினைப்பேன். வாய்க்கால் சத்தம் மழையாகி, எங்கள் மர வீட்டின் தகரக் கூரையில் கொட்டும். ஒரு நிலாக்காலத்தில் கதவைத் திறந்தால் முற்றத்துக்கு அப்பால் பொன்னாய் மின்னிக்கொண்டு பகோடா நின்றது. அதைப் பர்மாக்காரர்கள் பயா என்பார்கள். பயாவைக் கண்ட இடத்தில் மண்டியிட்டுப் பழகிய உடம்பு. அப்படியே மண்டியிட்டு, என் பிள்ளைக்கு மூச்சைக் கொடு என்று மூன்று முறை தரையில் நெற்றி பட வணங்கினேன். பின்னாலேயே பேச்சியம்மா குரல் கேட்டது. "வைக்கப்படப்பக் கும்பிடுறவள இப்பத்தான்டி பாக்குறேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் என் முகத்தை நிலா வெளிச்சத்தில் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மறுநாள் காலையில்தான், பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிடலாம் என்று அவர் முடிவெடுத்தார்.

தங்காது என்று பயப்படுகிற பிள்ளையை இந்தப் பக்கத்தில் தவிட்டுக்கு விற்பார்கள். மாட்டுக்குப் போடுகிற தவிடுதான். பெற்றதெல்லாம் தங்கிய ஒரு பெண்ணாகப் பார்த்து, அவளிடம் ஒரு மரக்கால் தவிடு வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கொடுத்துவிடுவார்கள். அவள் வாங்கி, அந்த இடத்திலேயே "வளத்துக் குடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். எமன் பிள்ளையைத் தேடி வந்தால், இது இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை, தவிட்டு விலைக்குப் போன குப்பை என்று நினைத்துப் போய்விடுவானாம். பிள்ளை தேறிய பிறகு அதே அளவு தவிட்டைக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அன்று எனக்கு யாரும் விளக்கவில்லை. அவர்களுக்கு இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். தெரியாத ஒருத்தி வீட்டுக்குள் இருப்பாள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வாங்கிக்கொண்டவர் இருளாயி. அந்த வீட்டு வயலில் நாற்று நடவும் களை எடுக்கவும் வருகிற பெண். அவர்கள் குடியிருப்பு வாய்க்காலுக்கு அப்பால் தனியாக இருந்தது. வேலைக்கு வந்தால் மாட்டுக்கொட்டத்தோடு நின்றுகொள்வார். அதைத் தாண்டி வீட்டுக்குள் அவர்கள் ஆட்கள் யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது. கஞ்சியைக்கூட வெளியே வைத்துத்தான் ஊற்றினார்கள். வந்த முதல் வாரத்தில் அவரை நான் "அக்கா" என்று கூப்பிட்டுப் பெரிய ரகளையாகிவிட்டது. ரங்கூனில் வயதில் மூத்த பெண் எவரானாலும் மமா, அதாவது அக்கா. அதில் சாதி பார்க்க அங்கே எங்களுக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. இங்கே அப்படிக் கூப்பிட்டதும் வீட்டார் முகம் சுளித்தார்கள். இருளாயியோ நடுங்கிப்போய், "பேர் சொல்லிக் கூப்புடுங்க தாயி, எனக்கு வம்பு வந்து சேரும்" என்று கும்பிட்டார். நான் கேட்கவில்லை. என் வாயில் அக்கா என்றுதான் வந்தது.

விற்பனை மாட்டுக்கொட்டத்தில் நடந்தது. முறத்தோடு பிள்ளையைப் பேச்சியம்மா நீட்டினார். தவிட்டைக் கொட்டிவிட்டு இருளாயி அக்கா வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் முறம் என்னிடம் திரும்பி வந்தது. பேச்சியம்மா என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "நல்லாக் கேட்டுக்க. இனிமே இது ஒம்புள்ள இல்ல. இருளாயி புள்ள. நீ கூலிக்குப் பால் குடுக்குறவ." எமன் காதில் விழட்டும் என்று உரக்கச் சொன்னது. விழுந்தது என் காதில். மனிதர் தூங்காமல் எத்தனை நாள் இருந்தால் சொன்னதைச் சொன்னபடியே நம்புவார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் நம்பினேன். முதலில் முறத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகு, சொன்னால் கல் நெஞ்சக்காரி என்பீர்கள், உள்ளுக்குள் எங்கோ ஒரு சின்ன இளைப்பாறல் இருந்தது. பிள்ளை செத்தால் என் கையில் சாகாது.

அன்று ராத்திரி அவன் மூச்சு நின்றது. எப்போதையும்விட நீளமாக நின்றது. விம்மல் வரும் வரும் என்று காத்திருந்து, வராமல் போய், நான் உலுக்கிய பிறகுதான் வந்தது. இது என் பிள்ளை இல்லையே, உடையவளிடம் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று தோன்றியது. அந்த நேரத்தில் உலகத்திலேயே இதைவிட நியாயமான யோசனை எதுவும் இல்லை. அவனைப் பஞ்சோடு மார்பில் அணைத்துப் புடவையால் சுற்றிக்கொண்டு, புழக்கடைக் கதவைத் திறந்து, வயல் வரப்பில் நடந்தேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் இறங்கி ஏறினேன். வழியில் எதிர்ப்பட்ட ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. எந்தக் குடிசை என்று தெரியாமல் நடுவில் நின்றுகொண்டு, "இருளாயி அக்கா" என்று கூப்பிட்டேன்.

ஒரு தட்டியைத் தள்ளிக்கொண்டு அவர் வெளியே வந்தார். என்னைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டார். "தாயி! என்ன காரியம் செஞ்சீக? பச்ச ஒடம்போட இங்கன வரலாமா? பாத்தா எங்களக் கொன்னே போட்டுருவாகளே!"

"உங்க பிள்ளையை வாங்கிக்குங்க அக்கா," என்றேன். "எனக்குப் பயமா இருக்கு. நான் தூங்கணும்."

அவர் என்னையே பார்த்தார். அது வெறும் சாங்கியம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏனோ சொல்லவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். பஞ்சையும் துணியையும் பிரித்துப் போட்டுவிட்டு வெற்றுடம்பாக அவனைத் தன் நெஞ்சில் கவிழ்த்தி, மேலே சேலையைச் சுற்றி முடிந்துகொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "உள்ள வந்து படுங்க" என்று மட்டும் சொன்னார். நான் அவர் பிள்ளைகளுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் சாய்ந்தேன். அவர் வாயை மூடிக்கொண்டு தொண்டைக்குள்ளேயே எதையோ முனக ஆரம்பித்தார். பாட்டு என்று சொல்ல முடியாது, நடவு வயலில் களைத்தவர்கள் போடுகிற சத்தம் அது. அந்தச் சத்தம் அவர் நெஞ்சில் அதிர, என் பிள்ளை அதன்மேல் கிடந்தான். அவன் மூச்சு அந்த நெஞ்சோடு ஏறி இறங்குவதை ஒரு முறை பார்த்தேன். இரண்டாவது முறை பார்த்ததாக நினைவில்லை. ரங்கூனிலிருந்து புறப்பட்ட பிறகு அன்றுதான் தூங்கினேன். கனவில் மா தின் வந்து, பிள்ளையை எங்கே என்று கேட்டாள். தூங்குகிறான் என்றேன்.

கண் விழித்தபோது வெயில் வந்திருந்தது. வாசலில் ஊர் நின்றது. பேச்சியம்மா குடிசைக்குப் பத்தடி தள்ளி, அதற்குமேல் வரவும் முடியாமல் திரும்பவும் முடியாமல், இடுப்பில் கை வைத்து நின்றார். "ஏ இருளாயி, எங்க வீட்டுப் புள்ளய ஒங் குடிசையில வச்சுக்கிற அளவுக்கு வந்துருச்சா?" என்று இரைந்தார். இருளாயி அக்கா தலை குனிந்தபடி நெஞ்சிலிருந்த முடிச்சை அவிழ்க்கப் போனார். நான்தான் எழுந்து வந்து, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், புரியாமல் கேட்டேன்: "நேத்து இது இவங்க பிள்ளைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

பேச்சியம்மா நின்ற நிலை எனக்குப் பிறகுதான் விளங்கியது. இது இருளாயி பிள்ளை இல்லை என்று ஊர் கேட்க ஒரு வார்த்தை சொன்னால் விற்பனை முறிந்தது, எமனுக்கு வழி திறந்தது. இருளாயி பிள்ளைதான் என்றால் அவள் தூக்கி வைத்திருப்பதைக் கேட்க இவருக்கு என்ன பாத்தியம்? தான் போட்ட கணக்கில் தானே மாட்டிக்கொண்டு, சுற்றி நின்றவர்களை ஒரு முறை பார்த்தார். பிறகு என் பிள்ளையைப் பார்த்தார். அவன் ராத்திரி முழுக்கத் தூங்கியிருந்தான். உதட்டில் கொஞ்சம் சிவப்பு ஏறியிருந்தது.

"குடிசையில வேணாம்," என்றார் கடைசியில், குரலை இறக்கி. "ராவானா மாட்டுக்கொட்டத்துக்கு வந்துரு. அங்கன வச்சுத் தூங்க வையி. ஒம்புள்ளதான, நீதான் பாக்கணும்."

அப்போதுதான் இருளாயி அக்கா தலையை நிமிர்த்தினார். "பகலு பூரா நடவு, ராப்பூரா புள்ள. நான் எப்பத்தான் தூங்குறது தாயி?" என்று கேட்டார். எதிர்த்துப் பேசி எவரும் கேட்டிராத குரல். பேச்சியம்மா முணுமுணுத்துக்கொண்டே, விடியற்கால வேலைக்கு வர வேண்டாம், கூலி குறையாது என்று ஒப்புக்கொண்டார். எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ரங்கூன்காரிதான் என்று ஊர் பேசிக்கொண்டு கலைந்தது. அதில் பொய்யும் இல்லை.

அப்படித்தான் எங்கள் ராத்திரிகள் மாடுகளோடு கழிந்தன. வீட்டுப் பக்கத்து வாசலில் எனக்கு ஒரு கட்டில். உள்ளே வைக்கோல் மெத்தையில் சாய்ந்து இருளாயி அக்கா, அவர் நெஞ்சில் பிள்ளை. சேலைக்குள் அவன் மூச்சு தடுமாறினால் அவர் உடம்பு தானாக அசையும். அந்த அசைவில் மூச்சும் திரும்பிவிடும். சில நாள் அவர் என்னை எழுப்பி, "நீங்க போட்டுக்கங்க தாயி, நான் செத்த நேரம் காலு நீட்டுறேன்" என்று என் நெஞ்சில் மாற்றுவார். கண்ணால் பார்க்காமல் உடம்பால் அவனைப் பார்த்துக்கொள்ள நான் பழகியது அப்படித்தான். மாடுகள் அசை போடுகிற சத்தத்தில் நாங்கள் பேசிக்கொள்வோம். ரங்கூனில் சாதிக்கொரு தெரு உண்டா, அங்கே இடம் பார்த்து நிற்கச் சொல்வார்களா என்று கேட்பார். நான் சொல்வதை எல்லாம் கதை கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டுவிட்டு, "நெசமாவா?" என்பார். எனக்குமே அது நிஜமா என்று சந்தேகம் வந்துகொண்டிருந்தது. பிள்ளைக்கு ஊரார் வைத்த பெயர் தவிடன்.

ஆடிக் காற்றில் ஒரு நாள் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். சொன்னபடியே காடும் மலையுமாக நடந்துதான் வந்திருந்தார். எலும்புக்கூட்டில் தோல் போர்த்தியிருந்தது. மாட்டுக்கொட்டத்து வாசலில் நின்று இருளாயி அக்காவையும் அவர் சேலைக்குள்ளிருந்து நீட்டிய தலையையும் பார்த்து, "இது யாரு புள்ள?" என்றார். வந்தவருக்கும் தூக்கம் இல்லை. வழியில் விட்டுவிட்டு வந்தவர்களின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு எழுந்துவிடுவார். கடைசியில் அவர் கட்டிலையும் கொட்டத்துக்கு வெளியே போட்டோம். உள்ளேயிருந்து வருகிற அந்த முனகல் கேட்டால் அவரும் அடங்கித் தூங்கினார். இத்தனை பேரைத் தூங்க வைத்த அந்த நெஞ்சுக்கு அந்த வீட்டுக்குள் மட்டும் இடமில்லை என்பது எனக்கு அப்போதும் பொறுக்கவில்லை, இப்போதும் பொறுக்கவில்லை.

நேற்று மத்தியானம் மங்கையின் மாமியார் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவள் வீட்டுக்குள் நுழைந்தேன். பிள்ளையை வாங்கி என் நெஞ்சில் கவிழ்த்திச் சேலையைச் சுற்றிக்கொண்டேன். "நீ படு" என்றேன். அவள் தரையில் அப்படியே சரிந்தாள். மாமியார் திரும்பி வந்து என்னைக் கண்டதும் சண்டைக்கு வாயெடுத்தார். பிறகு மருமகள் தூங்குகிற தூக்கத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தார்.

யுத்தம் முடிந்துவிட்டது. ரங்கூனுக்கு மறுபடி கப்பல் போகிறது, புறப்படலாமா என்று என் வீட்டுக்காரர் மாசத்துக்கு ஒரு தரம் கேட்கிறார். இந்த ஊரில் இறங்கிய நாள் முதல் நான் ஏங்கியது அதற்குத்தான். ஆனால் விற்ற பிள்ளையை மீட்காமல் கடல் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்கிறார் பேச்சியம்மா அக்கா. இன்னுமா மீட்கவில்லை என்று கேட்பீர்கள். மீட்கத்தான் உட்கார்ந்தோம். பையனுக்கு ஒரு வயது முடிந்து, மதுரையில் மரக்கடை வேலை கிடைத்து, நாங்கள் டவுனுக்குக் குடிபோக இருந்த சமயம். நாள் பார்த்து, நல்ல நேரமும் குறித்தாகிவிட்டது.

மாட்டுக்கொட்டத்துக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த வாசற்படியில் அந்தப் பக்கம் இருளாயி அக்காவும் இந்தப் பக்கம் நானும் உட்கார்ந்தோம். அன்று அவர் எண்ணெய் தேய்த்துக் குளித்து, இருந்ததில் நல்ல சேலையாகக் கட்டியிருந்தார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பிள்ளை எங்கள் இருவர் மடியிலும் மாறி மாறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். முறைப்படி பேச்சியம்மா முதலில், "இது யாரு புள்ள?" என்று கேட்டார். "எம்புள்ள" என்றார் இருளாயி அக்கா. அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அவர் முந்தானையில் தவிட்டைக் கொட்டினேன். இனி இரண்டாவது முறை கேட்பார்கள். என் பிள்ளை என்று நான் சொல்லி, தூக்கிக்கொண்டு திரும்பிப் பாராமல் வீட்டுக்குள் போய்விட வேண்டும். அந்த இடைவெளியில் அவன் ஒரு கொட்டாவி விட்டான். பொழுது உச்சிக்கு ஏறாத பட்டப் பகல். வாசற்படிக்குக் குறுக்கே நீட்டிப் படுத்து, ஒரு கையால் அவர் சேலையையும் இன்னொரு கையால் என் விரலையும் பிடித்துக்கொண்டு, தூங்கிப்போனான்.

"நேரம் போகுது," என்றார் பேச்சியம்மா. "சொல்லு. இப்ப இது யாரு புள்ள?"

நான் வாயைத் திறந்தேன். இருளாயி அக்கா உதட்டில் விரலை வைத்து, பண்ணைக்காரியின் முகத்தை நேராகப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்:

"பேசாதீக. முழிச்சிருவான்."

பேச்சியம்மா முட்டி மடக்கி எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நிழல் கொட்டத்துச் சுவரிலிருந்து இறங்கி முற்றத்தைக் கடந்து போனது. குறித்த நேரமும் அதோடு போய்விட்டது. யாரும் அசையவில்லை. அவன் தலை அந்தப் பக்கத்து மடியில் இருந்தது, கால் இந்தப் பக்கத்து மடியில்.